கல்லில் செதுக்கிய திருமுழுக்குத் தொட்டி

பங்கு ஆலயம் ஒவ்வொன்றிலும் திருமுழுக்குத் தொட்டி இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 858). ஞானஸ்நானத் தொட்டி என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இடைக்கால ஐரோப்பாவின் சிற்றூர் ஆலயங்களில் இது பெரும்பாலும் கல்லைக் குடைந்து செய்யப்பட்டது. பாஸ்கா திருவிழிப்பில் புனிதப்படுத்திய நீர் நெடுநாள் அதிலேயே இருக்கும், கசியக்கூடாது. அந்த நீரைச் சிலர் மாந்திரீகத்திற்குத் திருடியதால், கான்டர்பரி பேராயர் புனித எட்மண்ட் 1236-இல் தொட்டிகளை மூடிப் பூட்டிவைக்க ஆணையிட்டார். பயன்படுத்திய நீர் அடித்துளை வழியாக நேரே மண்ணுக்குள் இறங்கும்.

எழுதப்படிக்கத் தெரியாத விவசாயிகளுக்குத் தொட்டியே மறைக்கல்வி நூலாயிற்று. இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்கோணத் தொட்டிகள் பல உள்ளன. ஏழு பக்கங்களில் ஏழு திருவருட்சாதனங்கள். எட்டாவதில் பெரும்பாலும் சிலுவைப்பாடு அல்லது ஆண்டவரின் திருமுழுக்கு. எட்டு என்பது உயிர்ப்பு நாளைக் குறிக்கும் எண். பிரைட்கர்க் என்ற சிற்றூரின் 12-ஆம் நூற்றாண்டுத் தொட்டியிலோ, சுத்தியும் உளியுமாகச் சிற்பியே இருக்கிறார்! கொத்துவேலை செய்யும் நம் பங்கு மக்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.

கேரளத்தில் காஞ்சூர், இடப்பள்ளி முதலிய பழைய ஆலயங்களிலும் கருங்கல் தொட்டிகள் உண்டு. நமக்கு இன்னும் அருகில், சென்னைக் கோட்டையின் புனித மரியா ஆலயத்தில் பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆன தொட்டி இருக்கிறது. இது 1680-இல் கட்டப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயம். இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. வங்காளத்திலிருந்து வெளியேறிச் சென்னையில் தங்கியிருந்த ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களும் 1689-இல் இங்கே திருமுழுக்குப் பெற்றனர். மறு ஆண்டே அவர் வங்காளம் திரும்பினார். பிள்ளைகளின் பெயர்கள் சென்னைப் பதிவேட்டில் தங்கிவிட்டன. கொல்கத்தாவில் அவரது கல்லறையை மூடியுள்ள கல்லும் இதே வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் அந்தப் பாறைக்கு அவர் பெயரால் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார்.

ஊர்விட்டு ஊர் வந்தவர் பிள்ளைகளின் திருமுழுக்கு நமக்கும் உரிய செய்தி. ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலைசெய்து, வாடகை வீட்டில் வாழும் இளம் பெற்றோர் பலர், "சாமி, லீவு கிடைத்ததும் ஊரில் வைத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். தாத்தா பாட்டி முன்னிலையில் நடக்கவேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் லீவு கிடைப்பதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்கு கொடுக்கப் பெற்றோர் கவனம் எடுக்கவேண்டும் என்கிறது சட்டம் (எண் 867). பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஓரிடத்தில் மூன்று மாதம் வாழ்ந்தாலே, அல்லது அவ்வளவு காலம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அந்தப் பங்கு அவர்களுக்கும் சொந்தப் பங்கு (எண் 102, 107). விருந்தாளி என்று ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை. ஊரிலேதான் நடத்தவேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே நம்மிடம் பேசினால், ஊர்ப் பங்குத்தந்தைக்குக் கடிதம் தருவோம்.

எங்கே கொடுத்தாலும் பெயர் அந்த ஆலயப் பதிவேட்டில்தான் இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் பிறகு அதே பக்கத்தில் குறிக்கப்படும். ஓலை வாசிக்கும் நேரத்தில் தேடி அலையாதபடி, ஆலயத்தின் பெயரையும் தேதியையும் வீட்டில் எழுதிவையுங்கள்.