கீழ்வாயிலக்கமும் அடுக்கு விதியும்

ஓர் அடிமானத்தின் இரண்டு அடுக்குகளைப் பெருக்குங்கால் அடுக்கெண்களைக் கூட்டுக என்பது பள்ளிக் கணக்கில் பயிற்றப்படும் அடுக்குக்குறி விதிகளுள் முதலாவது. மிகை அடுக்கில் எளிதாக நிற்கும் இவ்விதி, குறை அடுக்கு வருமிடத்து மாணாக்கர்க்கு மயக்கம் தருகின்றது. ஓர் எண்ணைக் ‘குறை இரண்டு முறை’ பெருக்குதல் யாங்ஙனம் என வினவுவர். இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் கருவி தமிழ்க் கணக்கு மரபில் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே மனப்பாடம் செய்யப்பட்ட கீழ்வாயிலக்கத்தில் இருவகைப் பகுப்பு உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என இரண்டிரண்டாகப் பகுத்து 64இல் ஒன்றை எய்துவது ஒன்று. மா, காணி, அரைக்காணி என இருபதில் ஒன்றினின்று தொடங்குவது மற்றொன்று. 64, 20 ஆகிய இரண்டிற்கும் மீச்சிறு பொது மடங்கு 320. முந்திரி என்பது 320இல் ஒரு கூறு. அதற்கும் நுண்ணியவற்றைக் குறிக்கப் புதுப்பெயர் வேண்டப்படவில்லை. ‘கீழ்’ என்னும் அடையே போதுமாயிற்று. கீழரை 640இல் ஒன்று. கீழ்க்கால் 1,280இல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400இல் ஒன்று.

எனவே ‘கீழ்’ என்பது 320இன் குறை ஓரடுக்கே. கீழரையைக் கீழ்க்காலால் பெருக்கின் 8,19,200இல் ஒன்று வரும். இஃது இரண்டாம் கீழில் நிற்கும் அரைக்கால். அரையும் காலும் பெருகி அரைக்கால் ஆயின. கீழ்கள் இரண்டும் கூடின. விதி இதுவே.

முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோர், ஒரு வேலியில் 52,42,88,00,000இல் ஒரு கூறு வரை நிலம் அளந்து வரி விதிக்கப்பட்டமையைக் காட்டியுள்ளனர். இப்பேரெண் 320இன் நான்காம் அடுக்கை ஐந்தால் பெருக்கியதற்குச் சமம். நான்மா என்பது ஐந்தில் ஒன்று. ஆதலின் இக்கூறு நான்காம் கீழில் நிற்கும் நான்மா ஆகும்.

வடபகுதியிலும் நுட்பமான ஊர்க்கணக்கு மரபு இருந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டாரங்களை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு நடத்திய அளவைக்கு ஊர்க்கணக்கரின் ஓலைகளே ஆதாரமாயின. அச்சீமையினின்று 1997இல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி இன்று ஆலைகள் மிக்க ஊர். மீட்டரில் பத்து இலக்கத்தில் ஒரு கூறாகிய மைக்ரான், பத்தின் குறை ஆறாம் அடுக்கே.

இவற்றைக் கொண்டு அடுக்கு விதியைத் தமிழரே முதலில் வகுத்தனர் எனல் பொருந்தாது. எவ்வடிமானத்திற்கும் பொதுவான குறியீடு டேக்கார்ட்டு 1637இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே பரவியது. ‘கீழ்’ 320 என்னும் ஓர் எண்ணுக்கே உரியது. எனினும், குறை அடுக்கு என்பது பெருக்கும் முறையன்று, இறங்கும் படி என்பதை அச்சொல் தன்னுள்ளே கொண்டுள்ளது. பழம்பெருமை பேசுதற்கு அன்றி, வகுப்பறை விளக்கத்திற்கு அதனைப் பயன்படுத்துதலே தக்கது.