நோய்த்தடுப்பு வைத்தியர் (இலங்கை)

குழந்தைகளைத் தொற்றுநோய் அணுகாவண்ணம் தடுப்பூசி முறைகளை வகுப்பதும் நடத்துவதும் கண்காணிப்பதுமே தொழிலாகக் கொண்ட வைத்தியர், இலங்கையில் பெரும்பாலும் கிராமத்துச் சுகாதாரக் கந்தோரிலேயே உருவானார். அம்மைப்பால் 1802 இல் தீவை எட்டியபோதும், 1886 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியபோதும், ஊசி பிடித்தவர் பெரும்பாலும் வைத்தியரல்லர். அம்மை குத்துவதற்கென்றே பழக்கப்பட்ட உத்தியோகத்தர். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஸ்தாபிக்கப்பட்ட பின்னரே, ஒரு பிரதேசத்து மக்கள் அனைவருக்கும் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி என்பவர் தோன்றினார். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 நெடுஞ்சாலையில் அமைந்த நாவுல போன்ற சிற்றூருக்கும் இன்று அத்தகைய அதிகாரி உளர். அவருடைய கிளினிக்குக்கு வரத் தவறிய சிசுவை வீடு தேடிச் சென்று விசாரிப்பவர் மருத்துவிச்சியே. இத்துறையின் புகழில் அவருக்குரிய பங்கு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

1949 இல் சயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி., 1961 இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசி, 1962 இல் இளம்பிள்ளைவாதச் சொட்டுமருந்து என ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை, 1978 இல் விரிவாக்கப்பட்ட திட்டமொன்றில் ஒருங்கிணைந்தன.

வைத்தியரின் விவேகம் மிகவும் சோதிக்கப்பட்டது சின்னமுத்து விஷயத்திலேயாம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி சிசுவின் உடலில் நிலைத்திருக்குங்கால் ஏற்றிய ஊசி வீணாகும். அச்சக்தி அகன்றபின் தாமதித்தாலோ குழந்தை நோய்க்கு இரையாகும். 1984 முதல் ஒன்பதாம் மாதத்தில் ஏற்றப்பட்ட இவ்வூசி, 2011 இல் கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கும் சேர்த்த முக்கூட்டு ஊசியாக மாறியபோது, முதலாம் வயது நிறைவுக்குத் தள்ளப்பட்டது. 2013 இல் நோய் பரவி, ஒரு வயது நிரம்பாத சிசுக்கள் பலரைப் பீடிக்கவே, 2015 இல் அது மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொணரப்பட்டது. சாத்திரம் சொன்னதென்று ஒரு விதியைப் பற்றிக்கொண்டிராமல், கிளினிக்குகளும் ஆஸ்பத்திரிகளும் அனுப்பிய கணக்கைப் பார்த்து அதனைத் திருத்திய இச்செயல், புதிய ஊசியைக் கொண்டுவந்ததினும் மேலானதென்றே கொள்ளத்தகும். அக்கணக்குகளைத் திரட்டி ஆராய்வது கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு. கிராமத்துக் கந்தோரில் தொடங்கிச் சமுதாய மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்து அப்பிரிவை அடைவது இத்தொழிலினர் பலரும் சென்ற பாதை.

இளம்பிள்ளைவாதம் 1993 க்குப் பின் நாட்டில் காணப்படவில்லை. சின்னமுத்து ஒழிந்ததென 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது; எனினும் 2023 இல் அந்நோய் திரும்பி வந்தமையால், 2024 சனவரியில் தெரிந்தெடுத்த மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையிலான சிசுக்களுக்கு மேலதிகமாக ஓர் ஊசி ஏற்றப்பட்டது.