கரு கறுக்கும் வரை

பாக் நீரிணைக் கரையில் உள்ள ஜெகதாப்பட்டினத்துக்கு வந்துசேரும் நீலக்கால் நண்டுகளில் பெட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றின் வயிற்று மடிப்புக்கு அடியில் பொடிப்பொடியான முட்டைகள் திரண்டிருக்கும். ஒரே நண்டில் சில லட்சம் இருக்கும். பெரிய நண்டானால் பத்து லட்சத்தையும் தாண்டும். கடற்கரை அதைச் சினை என்கிறது. புதிதாக வந்த சினை மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும். நாள் போகப்போகப் பழுத்துப் பழுப்பாகி, பொரியும் தறுவாயில் கருஞ்சாம்பலாகிவிடும். தாய் அதைச் சுமந்து திரிவது ஏறக்குறைய பத்து நாள். அந்த நாட்களுக்குள் முட்டையின் மஞ்சள் கரு கரையக் கரைய, அதைத் தின்று உள்ளே ஒரு கரு வளர்கிறது. மஞ்சள் கரு குறைவதாலும், வளரும் கருவின் கண்கள் கறுப்புப் புள்ளியாகத் தெரிவதாலும்தான் சினையின் நிறமே மாறுகிறது.

ஊட்டும் உணவுக்கும் உண்டு வளரும் உயிருக்கும் தமிழில் ஒரே பெயர். மலையாளத்திலும் முட்டையின் மஞ்சள் கரு, கருதான். கன்னடத்தில் கரு என்றால் கன்றுக்குட்டி. இந்த மொழிகள் கிளை பிரிவதற்கு முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கருமையில் உள்ள கரு வேறு. அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. நண்டின் வயிற்றில்தான் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கருவும் சினையும் இன்றைய பேச்சில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. மாடும் மீனும் நண்டும் சினையாகும். பெண்ணின் வயிற்றில் இருப்பது கரு. பள்ளியில் படித்த சினைப்பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். கை, கால், கிளை, இலை என்று ஒரு முழுமையின் உறுப்பைச் சொல்வது அது. தாயின் உடம்போடு ஒட்டித் தொங்கும் முட்டைத்திரளுக்கும் மரத்தோடு ஒட்டிய கிளைக்கும் ஒரே பெயர் வைத்த கண் கூர்மையானது.

கரு வயிற்றை விட்டு வெளியே புறப்பட்டதுதான் பெரிய பயணம். தொல்காப்பியம் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று தொகுக்கிறது. மீனும் உப்பும் புன்னையும் தாழையும் நெய்தலின் கருப்பொருள்கள். அந்தக் கணக்கில் மீனவரின் தொழிலும் அவர் பிடிக்கும் மீனும் ஒரே நிலம் ஈன்றவை. பிறகு அதே சொல் கோயிலின் உள்ளறைக்குக் கருவறை என்று பெயர் தந்தது. உலோகம் வார்க்கும் அச்சுக்கும் கரு என்றார்கள். கடைசியில் எழுதுகிறவர்களிடம் வந்தது. இன்று ஒரு கதையின் கரு என்ன என்று கேட்டால் யாரும் முட்டையை நினைப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதன் கூட்டாளி 'கன்சீவ்'. கருவுறுவதும் அதுதான், ஓர் எண்ணம் மனதில் உருவாவதும் அதுதான். 'கான்செப்ட்' அதே லத்தீன் வேரில் பிறந்தது. ரத்த ஓட்டத்தை 1628-இல் விளக்கிய வில்லியம் ஹார்வி இந்த இரட்டைப் பொருளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்து மன்னரின் மான்களை அறுத்துப் பார்த்தபோது, இணைசேர்ந்து வாரக்கணக்கில் ஆகியும் கருப்பைக்குள் அவர் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. மூளை எண்ணத்தைக் கொள்வதுபோலவே கருப்பையும் கருவைக் கொள்கிறதோ என்று 1651-இல் வந்த தன் நூலில் எழுதினார். பாலூட்டியின் முட்டையை 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் நுண்ணோக்கியில் கண்டபின் அந்த விளக்கம் உதிர்ந்துபோனது. ஆனாலும் ஒரு சொல்லை நம்பி இவ்வளவு தூரம் யோசித்த மனிதர் மீது எனக்கு மரியாதை உண்டு.

நண்டுக்கு வருவோம். இனப்பெருக்கக் காலத்தைக் காக்கவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 45 நாளாக இருந்த இந்த மீன்பிடித் தடை 2017 முதல் 61 நாள். மீன்பிடித்துப் பிழைக்கும் ஊருக்கு அது வருமானமில்லாத இரண்டு மாதம். ஆனால் நீலக்கால் நண்டு நாள்காட்டி பார்த்துச் சினையாவதில்லை. ஆண்டின் மற்ற மாதங்களிலும் சினை நண்டு வலையில் ஏறுகிறது. சதை டின்னில் அடைபட்டு அமெரிக்கா வரை போகும் நண்டு இது. எடைக்கு எடை காசு. கிடைத்ததைக் கடலில் விடு என்று கடனில் இருப்பவரிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாய்லாந்துக் கரையோரக் கிராமங்களில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 'நண்டு வங்கி' என்று ஓர் ஏற்பாடு. வலையில் வந்த சினை நண்டை மீனவர் அங்கே ஒப்படைக்கிறார். காற்றூட்டிய கடல்நீரில் அது சினையைப் பொரிக்கிறது. குஞ்சுகள் கடலுக்கு, தாய் நண்டு விற்பனைக்கு. சினை கறுத்த நண்டு என்றால் ஓரிரு நாள் காத்திருந்தாலே போதும். ஜெகதாப்பட்டினத்திலும் பக்கத்துக் கோட்டைப்பட்டினத்திலும் இறங்குதளத்தை ஒட்டியே இப்படித் தொட்டிகள் அமைக்க வேண்டும். நண்டை ஒப்படைப்பவருக்கு அன்றைய விலையை அன்றே கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தை அரசு முன்பணமாகப் போடட்டும்.