ஓர் அச்சகம் காத்த பௌத்தம்

நலிந்த சமயத்திற்குப் புத்துயிர் அளிக்க முனைவோர் கோயிலோ மடமோ எழுப்புவது உலக வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன பௌத்தத்தைத் தலைநிமிரச் செய்த பேரறிஞர் யாங் வென்ஹுய் நிறுவியதோ ஓர் அச்சகம். அவர் துறவியும் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார்.

1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கிளர்ச்சியில் யாங்சி ஆற்றுப் பகுதிகள் பாழாயின. விகாரைகள் பல இடிந்தன. சமய நூல்களும் அவற்றை அச்சிடும் மரப்பலகைகளும் தீக்கிரையாயின. கற்க விரும்பியோர்க்கு நூல் கிடைப்பதே அரிதாயிற்று. இந்நிலையில், நான்கிங் நகரில் அரசாங்கக் கட்டட வேலைகளைக் கண்காணித்து வந்த யாங், 1866இல் நண்பர் சிலருடன் ஜின்லிங் சூத்திர அச்சகத்தைத் தொடங்கினார்.

1878இல் சீனத் தூதருடன் ஐரோப்பா சென்ற அவர், பின்னர் இலண்டனில் நான்ஜோ புன்யூ என்னும் ஜப்பானிய அறிஞரின் நட்பைப் பெற்றார். சீனத்தில் மறைந்த நூல்கள் பல ஜப்பானில் பேணப்பட்டு வந்தன. நான்ஜோவின் துணையால் ஏறத்தாழ 300 நூல்கள் தாயகம் மீண்டன.

அவற்றுள் ஒன்று தமிழர் அறியத்தக்கது. காஞ்சியில் பிறந்தவர் என யுவான் சுவாங் குறிப்பிடும் நாலந்தா ஆசிரியர் தருமபாலரின் கருத்துகளையே பெரிதும் தழுவி, விஞ்ஞானவாத நூலொன்றை யுவான் சுவாங் சீனமொழியில் ஆக்கினார். அதற்கு அவர் மாணவர் குய்ஜி வரைந்த விளக்கவுரை சீனத்தில் பல நூற்றாண்டுகளாகக் காணப்படவில்லை. உரையின்றி மூலம் மட்டும் விளங்காது கிடந்தது. மீண்டு வந்த அவ்வுரையை யாங் அச்சேற்றினார். விஞ்ஞானவாதக் கல்வியும் மீண்டும் தழைத்தது.

1908இல் அவர் 'ஜேதவனம்' என்னும் பெயரில் பள்ளியொன்று தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது விரைவில் மூடப்பட்டது. எனினும் அங்குப் பயின்ற இளந்துறவி தாய்சூ, 1922இல் வூசாங்கில் பௌத்தக் கல்லூரி கண்டார். 1926இல் சிங்கப்பூருக்கு வந்து அறவுரையும் ஆற்றினார். யாங்கின் மற்றொரு மாணவரான ஓயாங் ஜிங்வு, ஆசிரியரின் பதிப்புப் பணியைத் தொடர்ந்ததோடு, 1922இல் நான்கிங்கில் பௌத்த ஆய்வுக் கழகமும் நிறுவினார்.

யாங் 1911 அக்டோபர் 8ஆம் நாள் மறைந்தார். இரண்டே நாளில் மஞ்சு ஆட்சியை வீழ்த்திய புரட்சி வூசாங்கில் வெடித்தது. பலகைகள் உள்ள இடத்திலேயே தம் உடலும் இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே, அச்சகத்திற்கு அவர் ஈந்த சொந்த வீட்டின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அங்கு இன்றும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட பலகைகள் உள்ளன. கையாலேயே நூல்கள் அச்சிடப்படுகின்றன. ஆட்சிகள் மாறின, அச்சகம் நின்றது. நூலைக் காத்தவர் சமயத்தையே காத்தவரானார்.