ரொக்காஷோவின் மனோரதம்

ஜப்பானின் பிரதான தீவாகிய ஹொன்ஷூவின் வடகோடியில், பசிபிக் கடலோரம் அமைந்த ரொக்காஷோ என்னும் சிற்றூர், சூரியனுக்குள் நிகழும் அணுக்கருப் பிணைவைப் பூமியிலே நிகழ்த்திக் காட்டவிருந்த 'ஈட்டர்' உலைக்குத் தன் மண்ணே உகந்தது என்று வாதாடிய சரித்திரம் சுவாரசியமானது. 1985-இல் ஜெனீவாவில் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது வித்தூன்றப்பட்ட இத்திட்டத்துக்கு இடம் தேடுகையில், ஸ்பெயின் பிரான்ஸுக்கு வழிவிட, கனடாவும் விலகிக்கொள்ள, பிரான்ஸின் கடராஷ் ஒன்றே எதிர்நின்றது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் அருகே கூடிய சபையில் அமெரிக்காவும் தென்கொரியாவும் ஜப்பானையும், ருஷ்யாவும் சீனாவும் பிரான்ஸையும் ஆதரித்தமையால் காரியம் இழுபறியாயிற்று. ரொக்காஷோவுக்குத் துறைமுகம் அருகில். கடராஷுக்கோ, பலநூறு டன் எடையுள்ள பாகங்கள் செல்வதற்காக 104 கிலோமீட்டர் நீளப் பாதையில் சாலைகளை அகலப்படுத்திப் பாலங்களைப் பலப்படுத்தியாக வேண்டும். ஆயினும் இத்தகைய வழக்குகளில் பூகோளமா தீர்ப்புச் சொல்கிறது? 2005 ஜூன் 28-ஆம் தேதி மாஸ்கோவில் ஜப்பான் விட்டுக்கொடுத்தது. சும்மா அல்ல, உத்தியோகங்களில் 20 சதவீதம், தலைமை இயக்குநரை முன்மொழியும் உரிமை, ரொக்காஷோவிலேயே ஓர் ஆராய்ச்சி மையம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டே. தோற்ற கட்சி இவ்வளவு லாபத்தோடு வீடு திரும்புவது அபூர்வம். ஈட்டரின் முதல் தலைமை இயக்குநரான கனமே இகெடா ஜப்பானியரே.