அனல் அவிந்த இடத்தில் அங்காடி

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், பேட்டர்சீ என்றோர் பகுதி உண்டு. அங்கே நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகள் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. அவற்றைத் தாங்கும் செங்கற் கட்டடம் ஒரு காலத்தில் மின்நிலையமாக இருந்தது; இன்று பெரியதோர் அங்காடியாக விளங்குகிறது. இது அயலார் ஊரின் செய்திதானே என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. மலாயாவில் பாடுபட்ட நம் மக்களின் சேமிப்பும் அதில் கலந்திருக்கிறது.

கட்டட வேலை 1929இல் தொடங்கிற்று. அதன் புறத்தோற்றத்தை வகுத்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். இங்கிலாந்தின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவரே. ஏறத்தாழ 60 இலட்சம் செங்கற்கள் செலவாயின. 1933இல் மின்சாரம் பிறந்தது. இடையே உலகப் போர் குறுக்கிட்டமையால் நான்காவது புகைபோக்கி 1955இல்தான் நிறைவுற்றது. நதிவழியே கப்பல்களில் நிலக்கரி வந்திறங்கியது. உச்சக்காலத்தில் இலண்டனுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இந்நிலையமே அளித்தது.

இன்னொரு செய்தி இங்கே கருதத்தக்கது. மின்சாரம் எடுத்தபின் எஞ்சிய வெப்பத்தை அவர்கள் வீணாக்கவில்லை. போருக்குப் பின், வெந்நீரைக் குழாய்வழியே நதிக்கு அடியில் செலுத்தி, எதிர்க்கரையில் நகராட்சி கட்டிய சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்புக்கு அனுப்பினர். உலையின் மிச்சம் எளியோர் வீட்டுக் குளிரைப் போக்கியது.

காலம் மாறிற்று. நிலையத்தின் ஒரு பாதி 1975இலும் மறுபாதி 1983இலும் ஓய்ந்தன. 1980இலேயே அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்திருந்ததால் இடித்துத் தள்ள வழியில்லை. கேளிக்கைப் பூங்கா அமைப்பதாக 1987இல் ஒருவர் வாங்கினார், கூரையைப் பிரித்தார், 1989இல் பணமின்றி வேலை நின்றது. பின்னர் 1993இலும் 2006இலும் வேறு வேறு கைகளுக்கு மாறியும் கட்டடம் மழையில் நனைந்தபடியே கிடந்தது. 2011இல் அன்றைய உரிமையாளர் கடனில் மூழ்கினார்.

2012இல் மலேசிய நிறுவனங்கள் மூன்று கூடி 40 கோடி பவுனுக்கு அவ்விடத்தை வாங்கின. அவை எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி, ஊழியர் சேமநிதி ஆகியவை. இவற்றுள் சைம் டார்பி என்பது 1910இல் மலாக்காவில் பிரித்தானியர் இருவர் ரப்பர்த் தொழிலுக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது. அக்காலத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சென்றவர்களே. சேமநிதியோ 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் முதுமைக்கென ஒதுக்கிய பணம் அது. ஆண்டவன் நாட்டின் தோட்டத்தில் பால் வடித்தவனின் சேமிப்பு, நூறாண்டு கழித்து அந்த நாட்டின் தலைநகரிலேயே ஒரு மாளிகையை வாங்கியது! வரலாற்றின் சக்கரம் இப்படியும் சுழல்கிறது.

சிதைந்திருந்த புகைபோக்கிகளை இறக்கி, 2014 முதல் 2017 வரை பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர். 2021இல் சுரங்க இரயில் வந்தது. 2022 அக்டோபர் 14 அன்று மக்களுக்குக் கதவுகள் திறக்கப்பட்டன. சுழலிகள் முழங்கிய கூடங்களில் இன்று துணியும் நறுமணப் பொருளும் விற்கின்றனர். கொதிகலன் கூடம் ஆப்பிள் நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. ஒரு புகைபோக்கிக்குள் புகை சென்ற வழியில் கண்ணாடி மின்தூக்கி ஏறுகிறது.

அழிய இருந்ததைக் காத்தது நற்செயலே, ஐயமில்லை. அங்காடி இழிவானதும் அன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்தவர்கள். மதீனாவில் முஸ்லிம்களுக்கெனச் சந்தை அமைத்தவர்கள். ஆயினும் அங்காடியின் பயன் யாரைச் சேர்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. இத்திட்டத்தில் எளியோர்க்குக் குறைந்த விலையில் 636 வீடுகள் தருவதாக இருந்தது. செலவு மிகுந்ததெனக் காரணம் காட்டி 2017இல் அவை 386 ஆகக் குறைக்கப்பட்டன. ஒரு காலத்தில் எதிர்க்கரை ஏழைக்கு வெப்பம் அனுப்பிய இடம், தன் மனையிலேயே 250 வீடுகளைக் குறைத்துக்கொண்டது.

சேமநிதியை நிர்வகிப்போர்க்கும் ஒரு நியாயம் உண்டு. தொழிலாளியின் பணம் அவர்கள் கையில் அமானத். அது குறையாமல் வளரவேண்டும். ஆனால் ஒரு தொழிலாளியின் அமானத்தைக் காக்க, மற்றொரு தொழிலாளியின் கூரையைக் குறைக்கத்தான் வேண்டுமா? சுல்தான் இரண்டாம் முஹம்மது, இஸ்தன்பூலில் தாம் எழுப்பிய அங்காடியின் வாடகையை ஆயா சோபியாப் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக்கினார். அங்காடியின் இலாபத்தில் பொதுநலத்தின் பங்கு முதலிலேயே எழுதப்பட்டது. செலவு ஏறியபின் எஞ்சுவதைப் பார்ப்போம் என்று விடப்படவில்லை.

நம் ஊர்களிலும் பழைய ஆலைகளும் கிடங்குகளும் வக்ஃபு மனைகளும் பாழடைந்து கிடக்கின்றன. நாளை அவை கடைகளாகலாம். அன்று முதல் ஏட்டின் முதல் வரியில் ஏழையின் பங்கை எழுதும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!