காஹாங் வழியாக எண்டாவ் ரொம்பின்: செலவு எங்கே கூடுகிறது?

பள்ளி விடுமுறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து பிள்ளைகளோடு எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா? காஹாங் வரை சொந்தக் காரே போதும். அதற்கப்பால் பெத்தா நுழைவாயிலுக்குச் சுமார் 56 கிலோமீட்டர், செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடே கரடுமுரடான பாதை. ஃபோர் வீல் வண்டி வேண்டும். பட்ஜெட் இடிப்பது அங்கேதான். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே வண்டி எடுத்தால் சுமை குறையும். வாடகை பேசும்போதே வழிகாட்டி, நுழைவு அனுமதிச் செலவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. ஆண்டிறுதிப் பருவமழையில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

அவ்வளவு கையில் இல்லையா? குளுவாங்கோடு நிறுத்திக்கலாம். 510 மீட்டர் குனோங் லம்பாக் இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அடிவாரமே போதும். இறங்கியதும் 1938 முதல் இருக்கும் ரயில் நிலையக் கடையில் காப்பி, ரொட்டி.